ஏரிக்கரை வரை காரில் போய் நடப்பது குறித்து

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டையும் சேர்த்துக் காரையும் கண்டுபிடித்தது. ஆனால் 'நடை' என்றால் என்ன என்று யாராவது கண்டுபிடித்துச் சொன்னார்களா? இல்லை. அதற்கு 2021 ஜனவரி மாதமும், வட இங்கிலாந்தின் மலைச்சரிவில் முந்நூறு வீடுகளோடு தொங்கிக்கொண்டிருக்கும் அட்டர்ஷா கிராமமும், அங்கே திரு. நார்மன் பிக்கர்ஸ்டாஃப் என்கிற மாமனிதரும் தேவைப்பட்டார்கள்.

அது மூன்றாவது ஊரடங்கு. "தினம் ஒரு தடவை வெளியே போய் உடற்பயிற்சி செய்யலாம், ஆனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே" என்று சொல்லிவிட்டு அரசாங்கம் நைசாகக் கழன்றுகொண்டது. பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்? அந்தப் பக்கத்துக்குக் காரில் போகலாமா, கூடாதா? உடம்பு முடியாதவர்கள் போகலாம் என்ற ஒரு வரியைத் தவிர மூச்சு விடவில்லை. அட்டர்ஷாவின் அடிமடியில் கை வைக்கிற விஷயம் இது. அந்த ஊரில் நடை என்பதே காரில்தான் தொடங்கும். டிக்கியில் சேற்று பூட்ஸ், பின்சீட்டில் நாய், முன்சீட்டில் பிளாஸ்க். மூணேகால் மைல் ஓட்டிப் போய் ஹேக்டன் ஏரிக்கரையில் இறங்கி நடந்துவிட்டு, மறுபடி காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்தபடி டீ குடிப்பார்கள். வாசலில் இறங்கி நேராக நடக்கிறவனைப் பார்த்தால், "ஐயோ பாவம், வண்டி ரிப்பேர் போல" என்று இரக்கப்படுவார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில் சட்டத்தின் ஓட்டையை அடைக்க நார்மன் முன்வந்தார். நாற்பது வருஷம் மாவட்ட அலுவலகத்தின் வாகன நிறுத்தப் பிரிவில் இருந்தவர். மஞ்சள் கோட்டின் மேல் அரை அங்குலம் ஏறின டயரைக்கூட மன்னித்ததில்லை. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகத் தண்டிக்க ஆள் கிடைக்காமல் பெருத்துப்போயிருந்தார். கிராம மன்றம் 'நடை ஒழுங்குமுறைத் துணைக்குழு' என்று ஒன்றை அமைத்து அவரைத் தலைவராக்கியதும் முகத்தில் ரத்தம் ஊறியது. துணைக்குழுவுக்குச் சட்டப்படி ஒரு அதிகாரமும் கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கியது.

முதல் கூட்டம் கணினித் திரையில் நடந்தது. செயலர் ஜில்லியன் ஃபாஸ் குறிப்பெடுக்க, நார்மன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, கீழே பைஜாமாவோடு, வரலாற்றுச் சிறப்புமிக்க விதி எண் ஒன்றை அறிவித்தார்: காரில் செலவாகும் நேரத்தைவிட நடையில் செலவாகும் நேரம் கூடுதலாக இருந்தால் அது 'நடை'. குறைவாக இருந்தால் அது 'உல்லாசப் பயணம்'. மீறுகிறவர்களின் வண்டி எண் கடை வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், காவல்துறைக்கும் போகும்.

இந்த விதியால் உடனடியாகப் பலனடைந்தவர் ஸ்டான்லி கார்ட்ரைட். நார்மனோடு ஒரே பள்ளியில் படித்து, ஊர் கிரிக்கெட் அணியில் அவரோடு முப்பது வருஷம் ஆடியவர். அக்டோபரில் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. "சமதரையில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தினமும் நடக்கணும். இந்த நாலைந்து மாசம்தான் கால் திரும்ப வரும் காலம். விட்டால் விறைத்தது விறைத்ததுதான்" என்று பிசியோதெரபிஸ்ட் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அட்டர்ஷாவில் சமதரை என்றால் மேசைமேல்தான் உண்டு. ஊரே ஒரு ஏணி. ஆகவே மனைவி ஐலீன் தினமும் அவரைக் காரில் வைத்து ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனாள். அங்கே இரும்புக் கைப்பிடியோடு அணைப் பாதை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாற்பது அடி வைத்தவர், ஜனவரியில் இருநூறு கஜம் போனார்.

காரில் போகவர பதினாறு நிமிடம். நடை நாற்பது நிமிடம். நார்மன் கணக்குப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

"ஊரிலேயே சிறந்த விகிதம் ஸ்டானோடதுதான்! எல்லாரும் அவரைப் பார்த்துக் கத்துக்கணும்" என்று அறிவிப்புப் பலகையில் எழுதியும் போட்டார்.

ஆனால் ஊர் வேறு விதமாகக் கற்றுக்கொண்டது. நடை நேரத்தைக் கூட்டுவதற்குப் பதில் கார் நேரத்தைக் குறைத்தால் போதுமே! இருபது மைல் வேகத்தில் ஊர்ந்த ஜனங்கள் ஏரிச் சாலையில் சேறு தெறிக்க ஓட்ட ஆரம்பித்தார்கள். ஆடுகள் வேலியோரமாய் ஒண்டின. ஒரு வாரம் தாங்கியது. அடுத்த திங்கட்கிழமை டெரிக் மஸ்க்ரோவ், வயது அறுபத்தெட்டு, பேருந்து நிழற்குடையைக் காரோடு சேர்த்துக் கொண்டுபோனார்.

திரையில் விசாரணை நடந்தது.

"டெரிக், மூணேகால் மைலை மூன்றரை நிமிஷத்துல கடந்திருக்கீங்க. என்ன அவசரம்?"

"சட்டத்தை மதிச்சேன் நார்மன். போகவர ஏழு நிமிஷம் கார், எட்டு நிமிஷம் நடை. ஒரு நிமிஷம் மிச்சம் இருக்கு பாருங்க."

"நிழற்குடையை இடிச்சிருக்கீங்களே!"

"மெதுவா வந்திருந்தா அது உல்லாசப் பயணம் ஆகியிருக்கும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லீங்க."

நார்மன் விதியை மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தார். விதிப்படி டெரிக் குற்றமற்றவர். ஆகவே குற்றம் விதியிலேதான். மேதைகள் தங்கள் தவறை ஒப்புக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய தவறால் அதைத் திருத்தவும் செய்வார்கள். அன்றைக்கே விதி எண் இரண்டு பிறந்தது: நேரம் வேண்டாம், தூரம். காரில் எத்தனை மைல் போனாயோ அதற்கு மேல் நடக்க வேண்டும். போகவர ஆறரை மைல் கார் என்றால் ஆறரை மைலுக்கு மேல் நடை.

ஏழு மைல் நடக்கிற திடகாத்திரமான ஆசாமிகளுக்குப் பிரச்சினையே இல்லை. அவர்கள் வீட்டிலிருந்து நடந்தேகூட ஏரிக்குப் போயிருக்கலாம். இருநூறு கஜம் நடக்கிற ஸ்டான்லிதான் மாட்டிக்கொண்டார். போன வாரத்துச் சிறந்த குடிமகன் இந்த வாரத்து முதல் குற்றவாளி. அவர் வண்டி எண் பலகையில் ஏறியது.

ஐலீன் அடுத்த கூட்டத்துக்கு வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து திரையில் மூக்கு மட்டும் தெரியும்படி பேசினாள்.

"நார்மன், அரசாங்கமே உடம்பு முடியாதவங்க காருல போலாம்னு சொல்லுது. நீங்க யாரு வேணாம்னு சொல்ல?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் அல்லவா? நார்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அரசாங்கம் பொதுவா சொல்லும் ஐலீன். நாமதான் அதை நுட்பமா ஆக்கணும். ஸ்டான் ஆறரை மைல் நடக்கட்டும், நான் கைதட்டி வழியனுப்புறேன்."

"ஆறரை மைல் நடக்க முடிஞ்சா நான் ஏன் அவரைக் கூட்டிட்டு அலையறேன்? இருநூறு கஜம் நடக்குறதுக்கே நெத்தியில வேர்வை ஊத்துது அவருக்கு. இதையும் விட்டா கால் போயிடும்னு சொல்றாங்க. கால் போயிடும் நார்மன். புரியுதா?"

"வீட்டுக்குள்ளேயே நடக்கலாமே?" என்றாள் ஜில்லியன், உதவி செய்கிற முகத்தோடு. "சமையலறை மேசையைச் சுத்திச் சுத்தி?"

"எங்க சமையலறையில மேசையைச் சுத்தணும்னா நான் முதல்ல வெளிய போகணும். வெளிய போனா நீங்க வண்டி எண்ணை எழுதுவீங்க."

"ஒருத்தருக்கு விலக்குக் கொடுத்தா," என்றார் நார்மன், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, "நாளைக்கு ஊரே நொண்டும்."

ஜில்லியன் அதை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றி அடிக்கோடிட்டாள். ஐலீனின் திரை அணைந்தது. அவளாக அணைத்தாளா, இணைப்பு போனதா என்பது பதிவாகவில்லை.

அவள் விடவில்லை. மறுநாளும் ஸ்டான்லியை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். புகார்கள் பத்தொன்பது ஆயின. பதினேழு நார்மன் எழுதியவை. காவலர் ஒருவர் அவள் வாசலுக்கு வந்து ரெண்டு மீட்டர் தள்ளி நின்றார். "சட்டப்படி நீங்க செஞ்சது தப்பான்னு எனக்கே தெரியல அம்மா. ஆனா இத்தனை புகார் வந்தா நாங்க எதாவது செய்யணும். பேசாம கொஞ்ச நாள் வீட்லயே இருந்துடுங்களேன்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். எதிர்வீட்டுத் திரைச்சீலைகள் அசைந்தன. கடையில் ரொட்டி வாங்கப் போனால் வரிசையே ஒதுங்கி நின்றது, அதுவும் நாலு மீட்டர். நாற்பது வருஷம் அதே தெருவில் தலை நிமிர்ந்து நடந்தவள் அவள். பிப்ரவரி மூன்றாம் தேதி கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டாள்.

துணைக்குழுவுக்கு மாபெரும் வெற்றி! ஆனால் வெற்றி பெற்றவன் தூங்கலாமா? நார்மன் தினமும் காலையும் மாலையும் தன் காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். வண்டி எண்களைக் குறித்தார். அணைப் பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்த் திரும்பினார். யார் எவ்வளவு நடக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் அவர்கள் பின்னாலேயே நடந்தாக வேண்டுமே. தலைவரின் பணி 'அத்தியாவசியப் பணி' என்று தலைவரே முன்மொழிந்து தலைவரே வழிமொழிந்த தீர்மானம் கோப்பில் இருந்தது.

"என்னங்க," என்றாள் அவர் மனைவி பாலின் ஒரு காலையில், பிளாஸ்கில் டீ ஊற்றிக்கொண்டே. "காருல போய் நடக்குறவங்களைப் பிடிக்க, நீங்க காருல போய் நடக்குறீங்க."

"அது நடை இல்ல பாலின். அது ரோந்து."

"அப்ப நாய் எதுக்கு?"

"மோப்பம்."

"அது சோபாவுல ஒளிச்சுவச்ச பிஸ்கட்டையே மோப்பம் பிடிக்காதே!" என்று சொல்லிவிட்டு மூடியைத் திருகினாள்.

ரோந்து நார்மனுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. பெல்ட்டில் ரெண்டு ஓட்டை உள்ளே போனது. ரத்த அழுத்தம் இறங்கியது. "என்ன செஞ்சீங்க? இதே மாதிரி விடாம செய்யுங்க" என்று டாக்டர் போனில் பாராட்டினார். நார்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. பொதுத்தொண்டு செய்தால் உடம்புக்கும் நல்லது என்று பாலினிடம் சொன்னார்.

மார்ச் கடைசியில் கட்டுப்பாடு தளர்ந்தது. யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் காரில் போய் நடக்கலாம் என்று ஆனது. அட்டர்ஷா மொத்தமும் ஏரிக்கரையில் இருந்தது. இறுதிக் கூட்டத்தில், விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்த ஒரு வீட்டுக்கு மட்டும் பாராட்டுச் சான்றிதழ் தருவதென்று முடிவாயிற்று. பிப்ரவரி மூன்றாம் தேதிக்குப் பிறகு ஒரு தடவைகூட வெளியே வராத வண்டி ஊரில் ஒன்றே ஒன்றுதான். குற்றவாளியைத் திருத்தி முன்மாதிரி ஆக்கிய பெருமிதத்தில் நார்மன் அதைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினார்.

ஊரின் உச்சியில் இருந்தது கார்ட்ரைட் வீடு. செங்குத்தான சந்து. நார்மன் கையில் சுருட்டிய சான்றிதழோடு விறுவிறுவென்று ஏறினார். இன்னும் வீட்டுக்குள் போக அனுமதியில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினார். ஐலீன் ஜன்னலைத் திறந்தாள். 'வாங்க' என்று சொல்லவில்லை. உள்ளே ஸ்டான்லி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால்மேல் கட்டம் போட்ட கம்பளி. ஜன்னலோரத்தில் கைத்தடி சாத்திவைத்திருந்தது. அதன் கைப்பிடியில் யாரோ தேநீர்க் கோப்பை துடைக்கும் துணியைக் காயப்போட்டிருந்தார்கள்.

"கிராம மன்றத்தின் சார்பாக..." என்று ஆரம்பித்தார் நார்மன்.

"கீழேயிருந்து வர்றியா?" என்று கேட்டார் ஸ்டான்லி.

"ஆமா."

"நடந்தேவா?"

"நடந்தேதான்."

"கிரிக்கெட் ஆடுன காலத்துலயே நீ இந்தச் சந்துல நாலு தடவ நின்னு நின்னுதான் வருவ. இப்ப மூச்சுகூட வாங்கல." அவர் குரலில் கோபம் இல்லை, பந்து எப்படிச் சுழன்றது என்று ஆராய்கிற ஆட்டக்காரனைப் போலத்தான் கேட்டார். "தினம் எவ்ளோ தூரம்டா?"

"அது... ஏரிக்கரையில, ரெண்டு வேளையும் சேர்த்தா நாலு மைல் இருக்கும்." எதற்குச் சொன்னோம் என்று நார்மனுக்கே தெரியவில்லை.

"அந்தக் கைப்பிடி போட்ட பாதையிலயா?"

நார்மன் தலையாட்டினார். ஐலீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள்.

"நல்லாரு," என்றார் ஸ்டான்லி. "என் பங்கையும் சேத்து நீயே நடந்துட்ட."

நார்மன் சான்றிதழை ஜன்னல் வழியாக நீட்டினார். ரெண்டு மீட்டர் இடைவெளி, கை எட்டவில்லை. ஸ்டான்லி வாங்க எழுந்திருப்பார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, சந்தில் வேகமாக இறங்கிப் போனார்.

அன்று மாலை அவர் கைப்படக் குறிப்பேட்டில் எழுதியது இன்றும் அட்டர்ஷா மன்றத்தின் அலமாரியில் இருக்கிறது: 'சான்றிதழ் வழங்கப்பட்டது. பெற்றவர் எழுந்து நிற்கவில்லை என்பது வருத்தத்துடன் பதிவு செய்யப்படுகிறது.'