உங்கள் தம்பி கையில் கங்கா கட்டிய பட்டை

மட்டாஞ்சேரி,
வியாழன் இரவு

மிகுந்த மரியாதைக்குரிய மதினி பாக்கியலக்ஷ்மி அவர்களுக்கு, இசக்கிசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணை மூடினாள். அவளும் நானும் சுகம். உங்கள் தம்பி சுகமா என்பதை நீங்கள்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும். போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். ஊரில் உள்ள போனையெல்லாம் பிரித்து மாட்டுகிற மனுஷன் என் போனுக்குள் என்ன வைத்திருக்கிறாரோ, யார் கண்டது? அதனால்தான் காகிதம், அதுவும் கூரியரில்.

கொச்சங்காடி கடையில் லேப்டாப் ரிப்பேருக்குச் சேர்ந்து நாலு மாதம் ஒழுங்காகத்தான் இருந்தார். போன மாதம் கங்கா என்று ஒருத்தி அவருக்கு மேலாளாக வந்தாள். வந்த மறுநாளே உங்கள் தம்பி மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையோடு வீட்டுக்கு வருகிறார், அதிலிருந்து சுருள் சுருளாக ஒரு ஒயர் வால் மாதிரித் தொங்குகிறது, என்ன இது என்றால் “ஏட்டி, இது ஸ்டாட்டிக்குக்கு, உடம்புல நிக்கிற கரண்டு பூமிக்குப் போயிரணும், இல்லன்னா தொட்ட போர்டு செத்துரும்” என்கிறார், சரி என்று கையைப் பார்த்தால் கல்யாண மோதிரத்தைக் காணோம்! “வேலை செய்யும்போது மோதிரம் ஆகாதுன்னு கங்கா சொல்லிச்சு” என்கிறார். நான் போட்டதைக் கழற்றிவிட்டு அவள் கட்டினதைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், மதினி. கல்யாண நாளுக்கு நான் எடுத்துக்கொடுத்த பளபளப்புச் சட்டையும் ஆகாதாம், பருத்திதான் போடணுமாம். வீட்டில் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தபோது சாயா கொண்டுபோய்த் தோளைத் தொட்டேன், “ஏட்டி, தொடாத!” என்று துள்ளி எழுந்தார். கட்டின பெண்டாட்டி தொடக்கூடாதாம்!

நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் என்பதை மறந்துவிட்டார். சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டு ஒட்டும், அதுதானே ஸ்டாட்டிக்? அதுவும் காற்று காய்ந்திருந்தால்தான். இது கொச்சி. அப்பளம் பொரித்த கையோடு நமத்துப்போகிறது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. இந்த மழையில் எங்கிருந்து வரும் ஸ்டாட்டிக்?

சோறு கொடுக்கிற சாக்கில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உங்கள் தம்பியிடம் அவள் சொல்கிற குரல்: “பாபு சேட்டா, ஞான் கெட்டித் தந்தது அழிக்கருது, கேட்டோ!” நான் கட்டிவிட்டதை அவிழ்க்காதே என்று அர்த்தம். இந்த ஊரில் அண்ணனும் சேட்டன், புருஷனும் சேட்டன். அவள் எந்த முறையில் கூப்பிடுகிறாள் என்று நான் யாரிடம் போய்க் கேட்க?

நேற்று அவர் குளிக்கப் போனதும் பட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். இன்று சாயங்காலம் முகம் செத்து வந்தார். யாரோ காலேஜ் பிள்ளையின் லேப்டாப் போர்டு இவர் கை பட்டுச் செத்துவிட்டதாம். சோறு இறங்கவில்லை. போர்டுக்காகவா, பட்டைக்காகவா? ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து நேருக்கு நேர் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் பாப்பாவோடு உங்கள் பின்னாலேயே ரயிலேறிவிடுவேன்.

அண்ணாச்சிக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உங்கள் முட்டிவலி குறையட்டும்.

இன்று வரை உங்கள் தம்பி மனைவி,
இசக்கிசெல்வி

பின்குறிப்பு, வெள்ளி காலை: மேலே எழுதியதைப் படிக்காதீர்கள், படித்திருந்தால் மறந்துவிடுங்கள். கங்கா புதுப் பட்டையோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். பழையது எங்கே என்றாள். கத்தரித்தது நான்தான் என்று சொல்லி, மழைக்காலத்தில் ஏது ஸ்டாட்டிக் என்று பிசிக்ஸையும் எடுத்துவிட்டேன். “சேச்சி, மழை வெளியில் அல்லே? கடைக்குள்ளே முழுநேரமும் ஏசி. காத்து காஞ்சு போவில்லே?” என்றாள். மூன்று வருஷம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. உங்கள் தம்பி, “நான் அன்னைக்கே சொன்னேன்லட்டி?” என்றார். சொன்னார்தான், நான்தான் நம்பவில்லை. கங்கா என்னைக் கைகாட்டி, “எதையும் நம்பாத ஆளாக்கும் ரிப்பேருக்கு வேண்டியது. திங்கள் முதல் சேச்சியும் கடையில் வேலைக்கு வரட்டே?” என்று அவரிடம் கேட்டாள். என்னிடம் கேட்டிருக்கலாம், ஆனாலும் சரி என்றுவிட்டேன். எனவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வர வேண்டும், விசாரிக்க அல்ல, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள. எத்தனை நாள் தங்க முடியும் என்று இது கிடைத்ததும் போனிலேயே சொல்லுங்கள்.