மகிழம்பூ வாசனைக்கு மூக்கே சாட்சி

மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள், சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே பாண்டுரங்கன் தன் பெரிய முடிவை வெளியிட்டான்.

"தேவானை, நாளையிலேர்ந்து நான் தியானத்துல உக்காரப் போறேன்."

"நல்லா உக்காருங்க. எந்த நேரத்துலங்க?"

"விடியறதுக்கு முன்னாடி. சேவல் கூவறச்சே."

தேவானையின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. சேவல் கூவும் நேரத்தில்தான் அந்தச் சந்தில் குழாயும் கூவும். மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்பக்கம் இருந்த அந்தச் சந்து முழுக்க ஒரே ஒரு குழாய்தான். கொஞ்சம் கண்ணயர்ந்தால் குடம் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். அதற்குள் தண்ணீர் நின்றுவிடும்.

பிள்ளைப்பேறு பார்க்க வந்த மாமியார் ஊர் திரும்பும்போது மாப்பிள்ளையிடம் ஒரு வாக்கு வாங்கிப் போயிருந்தாள். பிள்ளை நடக்கிற வரைக்கும் தண்ணீர் எடுக்கிறது மாப்பிள்ளை பொறுப்பு. பிள்ளைக்கு இன்னும் குப்புற விழவே வரவில்லை. அவன் எப்போது குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து, நடந்து... பாண்டுரங்கனுக்கு நினைக்கும்போதே தோள்பட்டை வலித்தது. ஜவுளிக்கடையில் பகலெல்லாம் கஜக்கோல் பிடிக்கிற கை, விடியலில் குடமும் பிடிக்க வேண்டுமா?

"அப்போ தண்ணிக்கு என்னங்க வழி?"

"இன்னா தேவானை, நான் குண்டலினியை எழுப்பறதைப் பத்திப் பேசறேன். நீ தண்ணி தண்ணின்றியே!"

"குண்டலினி மெதுவா எழுந்துக்கட்டும்ங்க. குண்டான்ல சொட்டுத் தண்ணி இல்ல."

ஆனால் சாமி காரியம். மேலே பேசினால் பாவம் என்று தேவானை வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து தியானம் நடந்தது. பின்னறையில் ஒரு மணைப்பலகை. முதுகுக்குச் சுவர். தலையோடு போர்த்த ஒரு கம்பளி. நிஷ்டைக்கும் நித்திரைக்கும் முதல் எழுத்து ஒன்றுதான். பாண்டுரங்கன் இரண்டாம் எழுத்தில் தடம் மாறிவிடுவான், அவ்வளவே. வெளியே மார்கழிப் பனியில் தேவானை பிள்ளையைத் தோளிலும் குடத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றாள். பிள்ளைக்குச் சளி பிடித்தது. மூச்சு விட்டால் பூனைக்குட்டி உறுமுகிற மாதிரி கேட்டது.

ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"தியானத்துல குறட்டை வருமாங்க?"

"குறட்டையா? அது ஓங்காரம்!"

"உள்ள போறப்போ ரம்பம் மாதிரியும் வெளிய வர்றப்போ ஊதல் மாதிரியும் கேட்டுதே."

"அதுக்குப் பேருதான் பிராணாயாமம்."

"இருக்கட்டும்ங்க. இத்தினி நாளா உக்காந்தீங்களே, ஏதாவது கிடைச்சுதா? புள்ளைக்குச் சளி கிடைச்சுது. உங்களுக்கு?"

இந்தக் கேள்வியைப் பாண்டுரங்கன் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும். காட்சி தெரிந்தது என்றால் சாமி என்ன நிறம், என்ன சேலை, என்ன கரை என்று கேட்பாள். நாதம் கேட்டது என்றால் எனக்குக் கேட்கவில்லையே என்பாள். வாசனை? ஆகா! வாசனைக்கு மூக்கு ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியும் தன் முகத்திலேயே இருக்கிறது!

"யார்கிட்டயும் சொல்லாதே தேவானை. கண்ணை மூடினா ஒரு வாசனை வர்து. தாழம்பூ வாசனை. கும்முனு வர்து."

"தாழம்பூவா? யாரை நினைச்சு உக்காந்தீங்க?"

"வேற யாரை? நம்ம கபாலியைத்தான்."

தேவானை கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"கபாலிக்குத் தாழம்பூ ஆகாதேங்க! சிவன் தலையைப் பார்த்ததாப் பொய்ச்சாட்சி சொல்லி சாபம் வாங்கின பூவாச்சே. அது எப்படிங்க அவரு வர்ற வழியில வரும்?"

பாண்டுரங்கனுக்கு விக்கியது.

"தாழம்பூன்னா சொன்னேன்? வாய் தவறிப்போச்சு. மகிழம்பூ. சாட்சாத் மகிழம்பூ."

"அப்படிங்களா?" என்றாள் தேவானை. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி மேலே பேசாமல் போனால் கணவன் உஷாராக வேண்டும். பாண்டுரங்கன் அன்றைக்கு உஷாராகவில்லை. 'ஜெயித்துவிட்டோம்' என்று நினைத்து இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டான்.

மறுநாள் குழாயடியிலிருந்து வந்த தேவானை குடத்தைக்கூட இறக்காமல் பின்னறை வாசலில் நின்று, மூக்கை உயர்த்தி, மெதுவாக மூச்சை இழுத்தாள்.

"என்னங்க! எனக்கும் வருதுங்க!"

"இன்னாது?"

"அதே மகிழம்பூ வாசனை. உங்களைச் சுத்தித்தான் வருது. உங்களுக்கு வரலைங்களா?"

பாண்டுரங்கன் கம்பளிக்குள் விறைத்துப் போனான். வரவில்லை என்று எப்படிச் சொல்வது? "வர்து, வர்து" என்றான். மூக்கை இழுத்து இழுத்துப் பார்த்தான். ஈரச்சுவர் வாசனையும் கம்பளி வாசனையும்தான் வந்தன. கூடவே ஒரு தும்மலும் வந்தது.

அன்றிலிருந்து அவனுக்குத் தியானமும் போயிற்று, தூக்கமும் போயிற்று. பொய்யை அவிழ்த்து விட்டவன் அவன். அது எப்படி அவள் மூக்கில் போய் மெய்யாயிற்று? அவள் பொய் சொல்கிறாளா? கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது? ஏதாவது வாங்கிப் பூசிக்கொள்கிறாளா? அவள் குனிந்து கோலம் போடும்போது பின்னால் போய் முடியை மோந்து பார்த்தான். தேங்காயெண்ணெய். தோளை மோந்தான். தாய்ப்பால், அடுப்புப் புகை. சாம்பிராணி டப்பாவைத் திறந்தான். காலி.

எல்லாவற்றையும்விட இன்னொரு சந்தேகம்தான் அவனை அரித்தது. வாசனை மெய்யாகவே வந்து, தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போய்விட்டதோ? தன் பங்கு அருளை இவள் வழியில் மடக்கி வாங்கிக்கொண்டுவிட்டாளோ?

கடை விட்டு வரும் வழியில், லஸ் முனையில் அத்தர்ப் பெட்டி வைத்திருந்த நூர் முஹம்மதுவிடம் போய் நின்றான்.

"பாய், நெஜத்தைச் சொல்லு. எங்க சந்துப் பக்கம் வந்தியா?"

"இன்னாத்துக்கு நைனா?"

"எங்க வூட்டுக்காரி உன்னாண்ட மகிழம்பூ அத்தர் வாங்கினாளா?"

"நல்லாக் கேட்டே போ! கைக்குழந்தைக்காரி எவளாவது அத்தர் வாங்குவாளா? வூட்டுல பால் வாசனைக்கு நடுவுல அத்தர் இன்னாத்துக்கு? உனக்கு வேணும்னா சொல்லு. கையைக் காட்டு, சும்மா பார்க்கலாம்."

வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் மணிக்கட்டில் ஒரு தீற்று. காதில் ஒரு பஞ்சு. பாண்டுரங்கன் நடந்து வர, ரோஜாத் தோட்டமே பின்னால் நடந்து வந்தது.

வாசலிலேயே தேவானை மடக்கினாள்.

"யார் வீட்டுல தியானம் பண்ணிட்டு வர்றீங்க?"

"கடையிலேர்ந்து நேரா வரேன்."

"ஜவுளிக்கடையில ரோஜாப்பூ வாசனையா?"

"அது... நடந்துகினே தியானம் பண்ணேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"பின்னே?"

"டிராம் வண்டி வர்ற ரோட்டுலயா?"

தேவானை கிட்டே வந்து அவன் காதிலிருந்து பஞ்சை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வாசனைதான் வரும்னு நினைச்சேன். பஞ்சும் வருமாங்க?"

அத்தர் கடைக்குப் போனேன் என்றால் எதற்குப் போனாய் என்பாள். உன்மேல் சந்தேகப்பட்டேன் என்றால் அன்றைக்குச் சோறு இல்லை. "எல்லாம் அவன் செயல்" என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே நழுவினான்.

இதற்குள் விஷயம் குழாயடிக்குப் போய்விட்டது. குழாயடிக்குப் போனது ஊருக்குப் போனதுதான். பக்கத்துப் போர்ஷன் பூக்காரி கங்கம்மா கூடையோடு வந்து பின்னறையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்தாள்.

"மெய்தான் நைனா! மகிழம்பூவேதான்!"

"உன் மடியில பூக்கூடை கீதே, கங்கம்மா!"

"கூடையில சாமந்தி கீது, துளசி கீது. மகிழம்பூ எங்க கீது, காட்டு பார்ப்போம்! பூ கட்டற மூக்கு நைனா இது. இதும்மேலயா சந்தேகம்?"

எல்லாருக்கும் வருகிறது! வாசனையைக் கண்டுபிடித்தவனைத் தவிர ஊருக்கே வருகிறது! இதை வளரவிட்டால் மணைப்பலகை பறிபோய்விடும் என்று பாண்டுரங்கனுக்குப் பட்டது. யோசித்தான். விவரம் தெரிந்தவர் ஒருவரை வரவழைத்து, 'பெண்பிள்ளைக்கு வருவது வெறும் பிரமை' என்று சொல்ல வைத்துவிட்டால்? மார்கழி பஜனை கோஷ்டியை நடத்துகிற ஸ்ரீரங்கனைக் கெஞ்சிக் கூப்பிட்டான். மறுநாள் விடியலில், மாட வீதி சுற்றி முடித்த கையோடு, நெற்றி நிறைய நாமமும் கழுத்தில் துளசி மாலையுமாக அவர் வந்துவிட்டார். கங்கம்மாவும் கூடவே வந்து கதவோரம் நின்றாள். தேவானை போர்த்திச் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் உட்கார்ந்தாள். பாண்டுரங்கன் மணைப்பலகையில் உட்கார்ந்தான்.

"அய்யா, எங்க ரெண்டு பேர்ல யாருக்கு வர்றது நெஜமான வாசனைன்னு நீங்கதான் சொல்லணும்" என்றான்.

ஸ்ரீரங்கன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதுக்குப் பெரிய பரீட்சை ஒண்ணும் வேண்டாம்ப்பா. ரெண்டு பேரும் கண்ணை மூடுங்கோ. இந்த நிமிஷம் என்ன வாசனை வர்றதோ, அதைச் சொல்லுங்கோ. போதும்."

பாண்டுரங்கன் கண்ணை மூடி வேகமாகக் கணக்குப் போட்டான். மகிழம்பூ என்றால் அவளும் மகிழம்பூ என்பாள். அப்புறம் யார் ஜெயித்தது என்று எப்படித் தெரியும்? அவள் பெயர்கூடக் கேள்விப்படாத வாசனையாகச் சொல்ல வேண்டும். அதுவும் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். மூச்சைக்கூட இழுக்காமல் கத்தினான்.

"சந்தனம் அய்யா! புனுகு! ஜவ்வாது! மூணும் கலந்து கமகமன்னு வர்து! ஆகா! இந்த மாதிரி ஒரு வாசனையை நான் ஜன்மத்துல மோந்ததில்ல!"

ஸ்ரீரங்கன் திரும்பினார். "உனக்கு என்னம்மா வர்றது?"

தேவானை கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"புள்ளை வெளிக்குப் போயிருக்கான்ங்க."

கங்கம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஸ்ரீரங்கனின் கை தானாகவே மூக்கருகே போயிற்று. பிள்ளை மட்டும் மிகுந்த திருப்தியோடு கையைக் காலை ஆட்டிச் சிரித்தான்.

"பாண்டுரங்கா," என்றார் ஸ்ரீரங்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டே, "இதையாடா புனுகுன்னே?"

"அய்யா, அது வந்து..."

"உள்ளதை உள்ளபடி தெரிஞ்சுக்கறதுக்குப் பேர்தான் ஞானம். அது இந்தப் பொண்ணுக்கு இருக்கு. இனிமே இவதான் இங்கே உட்காரணும். உனக்கு இன்னும் பக்குவம் வரலே. வர்ற வரைக்கும் சேவை பண்ணு."

"இன்னா சேவை அய்யா?"

அவர் பதில் சொல்வதற்குள் கங்கம்மா மூலையிலிருந்த குடத்தை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஓடு நைனா, தண்ணி வந்துட்டு கீது. எல்லாரும் போய்க்கினு கீறாங்க. என் குடத்தையும் அப்படியே ரொப்பிக்கினு வந்துடு, புண்ணியமாப் போவும்."

அன்று தொடங்கியது பாண்டுரங்கனின் சேவை. விடியலில் அவன் குழாயடியில் பல் கிட்டிக்க நிற்பான். பெண்கள் "சேவைக்காரருக்கு வழி விடுங்கடி" என்று ஒதுங்குவார்கள். ஆனால் வரிசையில் மட்டும் முன்னால் விடமாட்டார்கள். வீட்டில் பின்னறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே கம்பளிக்குள் தாயும் பிள்ளையும் இருப்பார்கள். பிள்ளையின் நெஞ்சுச் சளி கரைந்து உறுமலும் நின்றுவிட்டது.

மாசக்கடைசியில் ஒரு நாள் அவனால் தாங்க முடியவில்லை. சந்தேகத்தைச் சுமப்பதற்குக் குடத்தைச் சுமப்பதே தேவலை என்று ஆகிவிட்டது. தண்ணீரை இறக்கி வைத்தான். பின்னறைக் கதவைத் திறந்தான். தேவானை சுவரில் சாய்ந்து, மடியில் தூங்குகிற பிள்ளையோடு, அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தாள்.

"தேவானை, உன்னாண்ட ஒண்ணு சொல்லிடறேன். கோச்சுக்காதே. அந்த வாசனை சுத்தப் பொய். எனக்கு ஒரு நாளும் வந்ததே இல்ல. உனக்கு எப்படி வர்துன்னு மட்டும் சொல்லிடு. என் மண்டை வெடிச்சிடும்."

தேவானை பிள்ளை விழித்துவிடாமல் மெதுவாகக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"உங்களுக்கு வரலைன்னு தெரிஞ்ச அன்னிக்கித்தாங்க எனக்கு வர ஆரம்பிச்சுது."