மதில்மேல் பூனைக்குப் பால்

டத்தோ கிராமாட் வட்டாரக் கட்சிக் கிளைச் செயலாளர் பரமநாதன் தம் வீட்டுக் கூடத்தில் தொண்டர்களை உட்கார வைத்து முழங்கினார். "நம்ம ஆளு எப்படியும் நமக்குத்தான் போடுவான். அடுத்த கட்சிக்காரன் நாம கால்ல விழுந்தாலும் போட மாட்டான். நம்மள ஜெயிக்க வைக்கிறவன் மதில்மேல் பூனை! அவனைத்தான் தாங்கணும், பால் வைக்கணும்!"

போன தேர்தலில் மயிரிழையில் தோற்ற கட்சி அது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தேநீர்த் தட்டோடு நின்ற மனைவி புஷ்பராணியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை காப்பி வரவில்லை.

"ராணி, காப்பி?"

"யோசிச்சிட்டு இருக்கேங்க."

"காப்பி போட என்ன யோசனை?"

"காப்பி இல்லீங்க, ஓட்டு. யாருக்குப் போடறதுன்னே தெரியல லா."

பரமநாதனுக்கு வியர்த்தது. செயலாளர் வீட்டு ஓட்டே ஊசலாடுகிறது என்று வெளியே தெரிந்தால் பதவி போகும். மானம் அதற்கு முன்பே போய்விடும். அன்றைக்குக் காப்பியை அவரே போட்டார்.

பிறகு சந்தைக்குப் போகும் பசார் கூடை அவர் கைக்கு வந்தது. மீன் கழுவினார். துணி துவைத்தார். குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டார். அதையும் "நல்லாருக்குங்க" என்று சாப்பிட்ட மகராசி அவள்! இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதெல்லாம், 'இத்தனை வருஷமும் இவள் ஒரு வார்த்தை முனகியதில்லையே' என்று மனசுக்குள் கும்பிட்டார்.

தேர்தலுக்கு முதல் நாள் அவர் பெருக்கிக்கொண்டிருந்தபோது அவள் வாய் திறந்தாள்.

"சரிங்க. பார்லிமெண்ட் ஓட்டு உங்க கட்சிக்குத்தான்."

துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"ஸ்டேட் ஓட்டுதான் இன்னும் யோசனையா இருக்கு."

துடைப்பத்தை எடுத்தார்.

ஓட்டு நாளன்று விடிவதற்குள் கட்சிப் பந்தலுக்கு ஓடிவிட்டார். எண்ணி முடித்தபோது கட்சி ஆறே ஓட்டில் ஜெயித்திருந்தது. மல்லிகைப் பூவும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தார்.

"ராணி! உன் ஓட்டு எங்களக் காப்பாத்திருச்சு. ஓட்டுக்கு மட்டும் இல்ல, இத்தனை வருஷம் நீ போட்ட சோத்துக்கும் நன்றி. இனிமே ஞாயித்துக்கிழமை சமையல் என்னோடது. சாமி சத்தியமா!"

சொன்னது வாயல்ல, மனசு. கண் கலங்கியிருந்தது. அவளுக்கும் கலங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தியத்த மாத்த மாட்டீங்களே?"

"உயிரே போனாலும் மாத்த மாட்டேன்."

"ஓட்டர் லிஸ்ட்ல என் பேரு இன்னும் கெலுகோர்ல எங்கம்மா வீட்டு விலாசத்துலதாங்க இருக்கு. அந்தத் தொகுதில உங்க கட்சி நிக்கவே இல்ல."