பிடித்த கையை விடாத மாப்பிள்ளை

ஸ்ரீபெரும்புதூர்,
டிசம்பர் 1991

மரியாதைக்குரிய மச்சான் தாவீது அவர்களுக்கு, மரியஜோசப் எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கப்படி ஆரம்பித்துவிட்டேன், எழுதியதை அடிக்க மனசில்லாமல் விட்டிருக்கிறேன். நிஜத்தில் உங்கள் தங்கை ஞானம்மா என்னோடு பேசுவதில்லை. மகள் சில்வியா என் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்துக்குத் தெரு நாய் குரைக்கிறது. எல்லாம் நீங்கள் கொண்டுவந்த வரனால்தான்.

ஃபிரடி தங்கமான பையன், கம்பெனியில் ஃபிட்டர், பீடி சிகரெட் கிடையாது என்றீர்கள். வாஸ்தவம். ஆனால் நிச்சயதார்த்தம் முடிந்து முதல் ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை வந்தது, மாப்பிள்ளை காசு போட்டுவிட்டுப் பையின் விளிம்பைப் பிடித்தார், பிடித்தவர் விடவில்லை. உபதேசியார் இழுக்கிறார், பையோடு மாப்பிள்ளையும் வருகிறார். போட்ட காசைத் திருப்பி எடுக்கிறார் என்று பின்வரிசையில் பேச்சு. பூசை முடிந்து ஃபாதர் கைகொடுத்தார், அதையும் விடவில்லை. பையன் மனசில் ஏதோ பெரிய பாவம் கிடக்கிறது போல என்று ஃபாதர் அவரைப் பாவசங்கீர்த்தனத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதையாவது பொறுத்துக்கொண்டேன். போன வாரம் காலைப் பனியில், பஸ் ஸ்டாண்டில், சில்வியா இறங்கக் கைகொடுத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கம்பெனியில் என் லைனில் வேலை செய்கிற பசங்கள் மொத்தப் பேரும் ஷிப்ட் பஸ்ஸுக்கு அங்கே நிற்கிறார்கள். "கைய வுடுப்பா, நாலு பேரு பாக்கறாங்க" என்றேன். "வுட முடியல மாமா" என்கிறார். எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

திமிரா வியாதியா என்று தெரிந்தாக வேண்டும் என்று அவரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சின்னச் சுத்தியலால் கட்டைவிரல் மேட்டில் ஒரு தட்டு தட்டினார். விரல் உள்ளே மடங்கி அப்படியே நின்றுவிட்டது. நரம்பு உத்தரவு போட்டால் தசை சுருங்குமாம், உத்தரவு நின்றால் தளருமாம். இவருக்கு உத்தரவு நின்ற பிறகும் தசை தன்பாட்டுக்குச் சுருங்கிக்கொண்டே இருக்குமாம். குளிரில் அதிகமாம், சும்மா இருந்துவிட்டுப் பிடிக்கிற முதல் பிடியில் இன்னும் அதிகமாம், நாலைந்து தரம் மடக்கி விரித்தால் இளகிவிடுமாம். "சங்கு ஊதியும் வூட்டுக்குப் போகாம ஓவர்டைம் பாக்கற ஆளு மாதிரியா சார்?" என்றேன். "அதேதான்" என்றார். உயிருக்கு ஆபத்தில்லை, கைகால் விழாது, ஆனால் பிறவியிலேயே வந்தது, பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் மச்சான் என்னைத் தூங்கவிடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஃபிரடி சொன்னார்: "ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துக்கு விசில் அடிச்சா எல்லாரும் ஓடுவாங்க மாமா. நான் நின்ன எடத்துலயே வுழுவேன். சோம்பேறின்னு வாத்தியாரு அடிப்பாரு." எனக்கு மனசு என்னவோ பண்ணிவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னால் சில்வியா, "எனக்கு முன்னியே தெரியும்பா, நிச்சயத்தன்னிக்கே சொல்ட்டாரு. கைவிடாத புருசன் கெடைக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கினு இருந்தது நீங்கதான? கேட்டது கெடைச்சிடுச்சி, இப்ப இன்னா?" என்கிறாள்.

அவள் சொல்வது நியாயம்தான். இருந்தாலும் பேரப்பிள்ளையும் விசில் சத்தத்துக்கு விழுந்து அடி வாங்குமோ என்று பெற்றவனுக்குப் பயமாக இருக்கிறது. வரும் ஞாயிறு கோயிலில் இவர்களுடைய கல்யாண அறிவிப்பு ஓலையைப் படிக்க ஆரம்பிக்கிறார்கள். ஊரறியப் படித்த பிறகு நிறுத்தினால் இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு. அதற்குள் நீங்கள் வந்து, பையன் மனசு நோகாமல் பக்குவமாகப் பேசி இந்தச் சம்பந்தத்தை நிறுத்திவிடுங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உங்கள் குடும்பத்துக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
மரியஜோசப்

பி.கு.: இன்லண்டு லெட்டரை மடித்து ஒட்டப் போகும்போது ஃபிரடியே வந்தார். "ஓலை படிக்கறதுக்கு முன்ன நல்லா யோசிச்சிக்குங்க மாமா. வேணாம்னாலும் கோவிச்சிக்க மாட்டேன்" என்று சொல்லி எழுந்தார். புத்தியில்லாமல் நான்தான் கையை நீட்டினேன். அவர் கை பிடித்துக்கொண்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அவசரம் இல்ல, மெதுவா வுடுங்க" என்று சொல்லி, மழை, போனஸ், கேண்டீன் சாம்பார் என்று வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து அவர், "மாமா, என் கை அப்பவே வுட்டுடுச்சி. நீங்கதான் புடிச்சிக்கினு கீறீங்க" என்றார். ஆகவே மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஓலை படிக்கிறார்கள், அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து சேருங்கள்.