அங்கே சாரின் கால அட்டவணை

டமார் என்று எழுந்த சத்தத்தில் பள்ளிக்கூடமே ஒரு கணம் வாயை மூடிக்கொண்டது.

ஆயாம்மா ஓடிவந்து கோடி அறையின் கதவைத் தள்ளிப் பார்த்தார். இரும்பு அலமாரி குப்புறக் கிடந்தது. அதைச் சுற்றி மரக்கட்டைகள், வண்ணப் பென்சில்கள், காய்ந்துபோன களிமண் உருண்டைகள். அலமாரிக்கு அந்தப் பக்கம் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு புது வாத்தியார் நின்றிருந்தார்.

"சார், அடி கிடி பட்டுடுச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அலமாரிக்குத்தான் கதவு போச்சு."

"அது பாட்டுக்கு அந்தச் சுவரோரமா நல்லாத்தானே நின்னுட்டிருந்துச்சு. ஏன் சார் அதைப் போய் இழுத்தீங்க?"

"அங்கே அது இடது பக்கம் இருந்துச்சும்மா."

அங்கே என்றால் எங்கே என்று ஆயாம்மா கேட்கவில்லை. வாத்தியார் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆசிரியர் அறையில் அவருக்கு 'அங்கே சார்' என்று பெயர் விழுந்துவிட்டது. தலைமுடி கறுப்பாக இருந்த நாளில் போய்ச் சேர்ந்து, நரைக்கும்வரை அவர் வேலை பார்த்த சின்னப் பள்ளிக்கூடம்தான் 'அங்கே'. பிள்ளைகள் குறைந்துபோனதால் அதை மூடிவிட்டு அவரை இங்கே அனுப்பியிருந்தார்கள். அங்கே எடுத்த அதே சிறப்புக் குழந்தைகள் வகுப்புதான் இங்கேயும். முன்பு இருந்த டீச்சர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து ஆயாம்மாதான் பிள்ளைகளை ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

சேர்ந்த அன்றைக்கே தலைமையாசிரியை சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றார் சார். உங்க ரூமை கம்ப்யூட்டர் ரூமா மாத்தலாம்னு மேலே ஒரு பேச்சு. வகுப்பு அட்டவணைப்படி ஒழுங்கா நடந்தா ரூம் நமக்கு. இல்லேன்னா பசங்களை ஊர்க்கோடியில இருக்கற மையத்துக்கு அனுப்பிடுவாங்க. நீங்களும் பின்னாடியே போக வேண்டியதுதான்."

ஒரு அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர் வாத்தியார். கடைசி நாளில் கடிகாரத்தைக் கழற்றியபோது சுவரில் வட்டமாக ஒரு வெளுப்பு தெரிந்தது. அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளின் சுவர் நிறம் அதுதான். அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் பஸ்ஸைத் தவறவிட்டார்.

இன்னொரு தடவை அப்படி நிற்க அவருக்குத் தெம்பு இல்லை.

"பயப்படாதீங்க மேடம். இந்தப் பிள்ளைங்களுக்கு மாற்றம்தான் ஆகாது. வெச்ச பொருள் வெச்ச இடத்துல இருக்கணும். ஒரே வரிசையில எல்லாம் நடக்கணும். அங்கே அப்படித்தான் வெச்சிருந்தேன், சொர்க்கம் மாதிரி இருந்துச்சு."

அவர் சொன்னது சரிதான். என்ன, அவர் மனதில் இருந்த 'வெச்ச இடம்' அங்கே இருந்தது. பிள்ளைகள் இங்கே இருந்தார்கள்.

வகுப்பில் மொத்தம் மூன்றே பேர். எல்லோரையும் அதிகாரம் பண்ணும் பெண்ணுக்கு லீடர் என்று பெயர். சத்தம் ஆகாத பையன் எந்நேரமும் காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருப்பான். அவன் பெயரும் ஹெட்போன்தான். மூன்றாமவன் வாயிலிருந்து "அப்புறம்?" என்பதைத் தவிர வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை, அதனால் அவன் பெயர் அப்புறம்.

அலமாரியை நிமிர்த்தி இடது பக்கமே வைத்தார்கள். அது பாதி ஜன்னலை மறைத்தது. அறை இருட்டியது.

"ட்யூப்லைட்டைப் போட்டுடலாம்," என்றார் வாத்தியார்.

"அப்புறம்?" என்றான் அப்புறம்.

ட்யூப்லைட் எரிந்தது, கூடவே வண்டு மாதிரி ரீங்காரமும் இட்டது. ஹெட்போன் தன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டான். வாத்தியார் அவனை வெளியே எடுத்து, ட்யூப்லைட்டுக்குத் தூரமாக, கதவோரம் உட்கார வைத்தார். கதவுக்கு வெளியே, நேர் மேலே, பள்ளிக்கூடத்து மின்சார மணி இருந்தது. அவன் உட்காரவும் அது அடிக்கவும் சரியாக இருந்தது.

பையனைவிட வாத்தியார்தான் உயரமாகத் துள்ளினார். அங்கே கையால் அடிக்கும் வெண்கல மணி.

லீடர் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒண்ணும் இல்ல சார். மணிதான். இப்ப நின்னுடும். பாருங்க, நின்னுடுச்சு."

"பாவம், தனக்குத் தானே தைரியம் சொல்லிக்குது," என்றார் வாத்தியார் ஆயாம்மாவிடம்.

ஆயாம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காவல்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி மணிக்குக் கோணிப்பை சுற்ற வைத்தார் வாத்தியார். மணி அதன்பின் சளி பிடித்தவன் தொண்டையைச் செருமுவது போல் செருமியது. கோடி அறையில் நிம்மதி. மற்ற இடங்களில் சாப்பாட்டு மணியே யாருக்கும் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் பின்னம் நடத்திக்கொண்டே போனார். மைதானத்தில் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

"சார், அந்தப் பசங்க நாக்கு தள்ளி ஓடிட்டிருக்காங்க," என்று தலைமையாசிரியை வந்து நின்றார். "விளையாட்டு சார் மணி அடிச்சாத்தான் நிறுத்துவாராம். மணிக்கு யாரோ சட்டை போட்டு விட்டிருக்காங்க."

"நான்தான் மேடம். அங்கே..."

"தெரியும் சார். அங்கே மணி மென்மையா அடிக்கும். கோணியை அவிழுங்க."

அன்று இரவு சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினார்.

"அவங்களுக்குப் புரிய மாட்டேங்குது. சின்னதா ஒண்ணு மாறினாக்கூட அந்தப் பிள்ளைங்களுக்கு உசுரு போய் உசுரு வரும்."

"போன மாசம் நான் இந்தச் சாப்பாட்டு மேஜையைத் திருப்பிப் போட்டேன். ரெண்டு நாள் நின்னுக்கிட்டே சாப்பிட்டீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. சாதத்துல கை வைங்க, ஆறுது." அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "அங்கே ஒரு வருஷம் வாயே திறக்காம இருந்துச்சே ஒரு பொண்ணு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவருக்கு மறக்குமா? ஒரு மழை நாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அவள் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது அவள் முதன்முதலாகப் பேசினாள். "தள்ளு." அவர் செருப்பை அப்படியே விட்டுவிட்டு ஆசிரியர் அறைக்கு ஓடி எல்லோரையும் கூட்டிவந்தார். வந்த ஒவ்வொருவரையும் பார்த்து அவள் "தள்ளு" என்றாள். அன்று மாலை இதே மனைவியிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துபோனது.

"அது ரூம் பேசின பேச்சா, நீங்க பேச வெச்ச பேச்சா?" என்றாள் மனைவி.

அவர் சாதத்தைப் பிசைந்தார்.

கோணியை அவிழ்த்தாகிவிட்டது, ஆகவே மணி அடிக்கும் நேரத்தில் பிள்ளைகள் அறையில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார். அட்டவணையை அழித்து எழுதினார். மணி நேரமெல்லாம் மைதான நேரமாயிற்று. மைதானமோ விளையாட்டு சாரின் சாம்ராஜ்யம்.

"விட்டுத் தர்றேன் சார்," என்றார் விளையாட்டு சார். "அதுக்குப் பதிலா உங்க பசங்க மைதானத்துல இருக்கற நேரம் உங்க ரூம் எனக்கு, புதன்கிழமைக் காலை முழுசாவே எனக்கு."

புதன்கிழமைக் காலை பேச்சுப் பயிற்சி டீச்சர் வரும் நேரம். ஊரில் உள்ள பள்ளிக்கூடமெல்லாம் சுற்றுபவர் அவர். வாத்தியார் அவருக்குப் போன் போட்டார். "புதன் இல்லேன்னா வெள்ளிக்கிழமை காலைதான் சார்," என்றார் அவர். அலமாரிக் கதவைச் சரிசெய்ய ஒத்துக்கொண்ட தச்சரும் வெள்ளிக்கிழமை காலையைத் தவிர வேறு நேரம் கிடையாது என்றுவிட்டார். வாத்தியார் மறுபடி அழித்தார், மறுபடி எழுதினார். மாவரைத்த மாதிரி அவர் சட்டையெல்லாம் சாக்கட்டித் தூள்.

"சத்தம் போடாதீங்க, அட்டவணையைப் பார்க்கணும்," என்று அவர் ஆயாம்மாவிடமே ஒருமுறை எரிந்து விழுந்தார். ஹெட்போன் எழுந்து வந்தான். தன் ஹெட்போனைக் கழற்றி, எக்கி, வாத்தியார் தலையில் மாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

"பார்த்தீங்களா, பதற்றத்துல பிள்ளை என்ன செய்யறோம்னே தெரியாம செய்யுது," என்றார் வாத்தியார், தேவைக்கு மேல் உரக்க. அவர் காதில்தான் ஹெட்போன் இருந்ததே.

லீடர் தினமும் காலையில் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொள்வாள். "சார், இன்னிக்கு முதல்ல பேர் கூப்பிடுவீங்க. அடுத்தது கட்டை. அடுத்தது மைதானம். நடுவுல புதுசா ஒண்ணும் வராது. சரியா?"

"சரிம்மா."

கேட்டுவிட்டு உள்ளே போகும்போது, என்னவோ தெரியவில்லை, அவருக்கும் கொஞ்சம் மூச்சு சீராகும். அலமாரிக்குப் பக்கத்தில் இடது மூலையில் அவர் தனக்காகப் போட்டிருந்த நாற்காலிகூடக் காலையில் வந்து பார்த்தால் சற்றே வெளிச்சம் பக்கமாகத் தள்ளியிருக்கும். பெருக்கும்போது நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அட்டவணைக் கவலையில் அது நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனதை அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மழையும் பிடித்துக்கொண்டது.

தச்சர் வந்து சுத்தியலை எடுத்தார். பேச்சுப் பயிற்சி டீச்சர் வந்து கண்ணாடியை வைத்து, "ஆ, ஈ, ஊ," என்று ஆரம்பித்தார். மைதானம் குளமாகிவிட்டதால் விளையாட்டு சார் அஞ்சாம் வகுப்பை ஓட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"இங்க எங்க சார் வர்றீங்க?" என்றார் வாத்தியார்.

"நம்ம ஒப்பந்தப்படி இப்ப மைதான நேரம் உங்களோடது, ரூம் நேரம் என்னோடது. அட்டவணையைப் பாருங்க, நீங்க எழுதினதுதான்."

பார்த்தார். அவர் கையெழுத்துதான். சுத்தியல் டங் டங் என்றது. டீச்சர் "ஊ" என்றார். அஞ்சாம் வகுப்பு முழுக்க "ஊ" என்றது. ட்யூப்லைட் ரீங்கரித்தது. எல்லாவற்றுக்கும் மேல் மணியும் அடித்தது.

வாத்தியார் அட்டவணையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கம்ப்யூட்டர்கள் வரிசையாக உள்ளே வருவது போலவே இருந்தது. சுவரில் எங்கோ ஒரு வட்டமான வெளுப்பு தெரிவது போலவும் இருந்தது. அப்படியே பாயில் உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் குடையை மடக்கிக்கொண்டு அதிகாரி வாசலில் வந்து நின்றார். அவர் பின்னால் நின்ற தலைமையாசிரியையின் முகத்தில் ரத்தம் இல்லை.

உள்ளே லீடர் நாற்காலிமேல் ஏறினாள்.

"தச்சரண்ணே, போதும். சுத்தியலைக் கீழ வைங்க. டீச்சர், அப்புறமா ஊ சொல்லலாம். விளையாட்டு சார், உங்க பசங்களை வராந்தாவுல உட்கார வைங்க. ஓட வேண்டாம், நடந்து போங்க."

யாரும் மறுத்துப் பேசவில்லை. தச்சர் சுத்தியலை வைத்தார். விளையாட்டு சாரே நுனிக்காலில் நடந்து போனார். ஹெட்போன் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, தன் ஹெட்போனை வாத்தியார் காதில் மாட்டினான். மூன்றாமவனான அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் குடிக்கும்வரை காத்திருந்து, மெதுவாக, "அப்புறம்?" என்று கேட்டான்.

அறையில் மழைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. வாத்தியாரின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது.

அதிகாரி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். சுவரில் இருந்த அட்டவணையை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. லீடரின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, ஒண்ணு கேட்கறேன், நிஜத்தைச் சொல்லணும். இந்த ரூமை விட்டு வேற இடத்துக்குப் போகச் சொன்னா உங்களுக்கெல்லாம் ரொம்பக் கஷ்டமா இருக்குமா?"

லீடர் உதட்டில் விரலை வைத்து, வாத்தியார் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல அங்கிள், நாங்க எங்க போனாலும் பழகிக்குவோம். எங்க சாருக்குத்தான் எதையாவது மாத்தினா தாங்காது. இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா அவரைப் பழக்கிட்டு வர்றோம், நீங்க ரூமை எடுத்துட்டா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."