பெரிய கிராணியாரின் வேலை மரம்

ரப்பர் தோட்டங்களில் ரப்பர் மரத்தை விடச் செழிப்பாக வளரும் ஓர் இனம் உண்டு. ரப்பர் விலை விழுந்தாலும் இது வாடுவதில்லை. கத்தி வைத்துக் கீறாமலே பால் கொட்டும். பட்டம் வாங்கி வந்த பிள்ளைகளுக்கு வேலை சொல்லும் பெரியவர்கள்தாம் அந்த இனம். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்குமே? தெரியாதென்றால் நீங்கள் இன்னும் பட்டம் வாங்கவில்லை என்று அர்த்தம்.

அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் பாலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீசுக்கு வாருங்கள். அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சபாபதி இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஊரார் பிள்ளைகளை ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும் எழுப்பிக்கொண்டிருப்பார். தோட்டத்துக் கடிதமெல்லாம் அவர் பூட்டும் தபால் பையில்தான் போயாக வேண்டும். பூட்டுமுன் படித்துப் பார்ப்பார். படிக்காமல் அனுப்பினால் கடிதத்துக்கு மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி.

அவரிடம் ஒரே ஒரு விதி உண்டு: உலகத்தில் எந்த வேலையும் நல்ல வேலை, உங்கள் கையில் இருப்பதைத் தவிர. இஞ்சினியர் லெட்சுமணனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தபோது, "பள்ளிக்கூடத்துக்குப் போங்க" என்றார். லெட்சுமணன் பள்ளிக்கூடத்தில் இடம் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது, "ரயில்வேய விட்டுட்டீங்களா? அலமாக்!" என்று தலையில் கை வைத்தார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ரோலண்ட் ஒரு கடிதத்தோடு வந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் பெர்னார்டின் மகன். திருச்சியில் பௌதிகம் படித்துவிட்டு வந்து, பத்து மாதம் விண்ணப்பம் எழுதியே விரல் தேய்ந்தவன். கடைசியில் சிங்கப்பூரில் ஒரு மின்சார நிலையம் கூப்பிட்டிருந்தது. சம்மதக் கடிதம் சனிக்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. தபால் பை மூன்று மணிக்குப் புறப்படும், மறுபடி சனிக்கிழமைதான். இப்போது மணி இரண்டு.

"உக்காருங்க தம்பி" என்ற சபாபதி, கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். அந்தக் கண்ணாடி உள்ளே போனால் அறிவுரை வெளியே வரும்.

"நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. பௌதிகம் படிச்சிட்டுக் கம்பத்துல ஏறிக் கம்பி கட்டவா போறீங்க?"

"கம்பி கட்ற வேலை இல்ல மாமா, அங்க மிஷினு..."

"இருங்க!"

பழைய பேரேட்டுத் தாளின் முதுகில், சிவப்பும் நீலமும் உள்ள பென்சிலால் ஒரு மரம் முளைத்தது. வேர், பௌதிகம். ஒரு கிளையில் நில அளவை. அதற்கு மேல் துறைமுகம். பக்கத்தில் ஐஸ் பாக்டரி. பெக்கான் நானாஸில் அன்னாசியை டின்னில் அடைக்கும்போது டின் ஏன் வெடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் உத்தியோகம். உச்சாணிக் கொம்பில் வக்கீல். "ஒளி, ஒலி எல்லாம் படிச்சவன் குறுக்கு விசாரணை பண்ணா ஜட்ஜே நடுங்குவாரு!"

ஊருக்குக் கடிதம் போட வந்த கங்காணி காளியப்பன் எட்டிப் பார்த்தார். "ஐயா, மழை எப்ப வரும்னு சொல்ற ஆபீசு?"

"அதுவும் ஒரு கிளை. ஆனா அவன் பேச்ச நம்பி எவன் பொண்ணு குடுப்பான்?"

மரத்தில் எல்லாம் இருந்தது. மின்சாரம் மட்டும் இல்லை. வெளியே பியூன் மூர்த்தி சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தான். மணி இரண்டே முக்கால். ரோலண்டுக்குக் கழுத்து வியர்த்தது. அதைவிட ஆபத்து, தலை ஆட ஆரம்பித்தது. வக்கீலுக்குப் படித்தால்தான் என்ன?

அப்போதுதான் அவன் அக்கா வினிஃப்ரெட் உள்ளே வந்தாள். தம்பியின் தலையைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நல்ல வேளை மாமா, நீங்களே தடுத்துட்டீங்க. அப்பாவும் அதான் சொல்றாரு. கரண்டு வேலை கூடவே கூடாதாம். வாத்தியார் வேலைதானாம். முடிவு பண்ணிட்டாரு."

சபாபதி நிமிர்ந்தார்.

"யாரு, டிரெசரா? கொயினா கலக்குறவருக்குப் பௌதிகத்தப் பத்தி என்னம்மா தெரியும்?"

"ரொம்பப் பிடிவாதமா இருக்காரு மாமா."

கண்ணாடி கூட்டை விட்டுக் குதித்து மூக்கில் ஏறியது. பென்சில் சிவப்புப் பக்கம் திரும்பியது. மரத்துக்கு அடிமரமாகவே, கட்டை எழுத்தில், "மின்சாரம்" என்று விழுந்தது. மற்றதெல்லாம் வெறும் கிளைதானே? கடிதத்தில் ஒரு காற்புள்ளி சேர்த்தார், உறையை நக்கி ஒட்டினார், பையைப் பூட்டினார்.

"மூர்த்தி! இன்னும் என்ன மணி அடிச்சிக்கிட்டு நிக்கிற? ஓடு லா!"

ரோலண்ட் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தான். "டிரெசர் ஒத்தக் கால்ல நின்னாரு, நான்தான் அனுப்பி வெச்சேன்" என்று சபாபதி லாபிஸ் ஊர் வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். முழுப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. இந்த விவகாரத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத பெர்னார்ட்தான், தம்மைக் கண்டால் கிராணியார் ஏன் மார்பை நிமிர்த்துகிறார் என்று விழிக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு ரோலண்ட் கோட்டு போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தான். லெட்சுமணனின் தம்பி பரீட்சை தேறிவிட்டு, "அண்ணே, நானும் கரண்டுக்கே வரலாம்னு..." என்றான்.

"கரண்டா? வேணாம்பா. இனிமே எல்லாம் ரேடியோதான். உக்காரு" என்று சொல்லிக்கொண்டே ரோலண்ட் சட்டைப் பையில் பென்சிலைத் தேடினான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கலாமா? ரோலண்ட் பேசாமல் துறைமுகத்துக்கே போயிருக்கலாம் என்று நடுவில் ஒரு கணம் உங்களுக்கும் தோன்றியதே, அப்போது உங்கள் கண்ணாடி எங்கே இருந்தது? மூக்கிலா, கூட்டிலா?