எழுபது மதிப்பெண்

மாநகரத்துப் பகுதிகள் மூன்று வகைப்படும்: வந்துவிட்ட பகுதி, வந்துகொண்டிருக்கும் பகுதி, வரவே வராத பகுதி. இது இலக்கண ஆசிரியர் சொன்னதல்ல. பகுதி முன்னேற்ற மதிப்பீட்டு அலுவலகத்தின் சுற்றறிக்கை சொன்னது. சுற்றறிக்கை சொன்ன பிறகு மறுத்துப் பேச யாருக்கு வாய் இருக்கிறது?

பல்செட்காரர் குடியிருந்தது இரண்டாவது வகையில்.

பல்செட்காரர் என்றால் பல் டாக்டர் அல்ல. டாக்டர் பிடுங்குவார். இவர் வாசல் அறையில் மெழுகும் மாவுமாக உட்கார்ந்து, பிடுங்கிய இடத்துக்குப் பல்வரிசை செய்து கொடுப்பார். அந்தத் தெருவில் சிரிக்கிறவர்களில் பதினாறு பேர் இவர் தயவில் சிரித்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவரை அங்கே கொண்டுவந்து இறக்கியவன் இவர் மனைவியின் தம்பி. தொழில், வீட்டுத் தரகு.

"மாமா, கண்ணை மூடிக்கிட்டு வாங்க. வாடகை கையைக் கடிக்காது. வளர்ந்துக்கிட்டே இருக்கிற ஏரியா. பஸ் வருது, தண்ணி வருது, தெருவிளக்கு வருது."

மச்சான் பொய் சொல்லவில்லை. மூன்று வருஷமாக எல்லாம் வந்துகொண்டேதான் இருந்தன. பஸ்ஸுக்கு முன்னால் பஸ் நிறுத்தக் கம்பம் வந்தது. அதற்கும் எதிர்வீட்டு ஜன்னலுக்கும் கொடி கட்டி யாரோ துணி காயப்போட்டார்கள். குழாயும் வந்தது. தண்ணீர் பின்னால் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதுவரைக்கும் வாரம் இரண்டு நாள் லாரித் தண்ணீர்.

ஒருநாள் பொறுமை போய், பல்செட்காரர் அலுவலகத்துக்கே போய்விட்டார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா மனுவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பகுதி இன்னும் வரலையே. வந்ததும் தண்ணி விடுவோம்."

"எப்ப சார் வரும்?"

"தண்ணி, பஸ் எல்லாம் இருந்தா வந்துட்டதா அர்த்தம்."

"அப்ப தண்ணி விடுங்க, வந்துடும்."

"வராத பகுதிக்கு எப்படிங்க தண்ணி விடறது? விதி இருக்குல்ல?"

பல்செட்காரருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் மனு வீண்போகவில்லை. 'பார்வையில் காணும் தங்கள் மனுவின் மீது ஆவன செய்யும் பொருட்டு, மேற்படி தெரு வரும் புதன்கிழமை நேரில் மதிப்பீடு செய்யப்படும். எழுபது மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறின், வந்துவிட்ட பகுதியாக அறிவிக்கப்படும்' என்று ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்.

மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். எந்தக் கறை போகும், எந்தக் கறை போகாது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

"இந்த மனுவை யாரு போடச் சொன்னது?"

"ஏன்? தண்ணி வரப்போகுதே."

"மாடியில வீட்டுக்காரம்மா என்ன சொல்லியிருக்காங்க? ஏரியா வந்துட்டா வாடகை ரெண்டு மடங்குன்னு சொன்னாங்களா இல்லையா? தண்ணி வரும். அதைப் பிடிச்சு வைக்க நாம இங்க இருக்க மாட்டோம்."

பல்செட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். புதுத் தெருவில் பழைய வாடிக்கைக்காரர்கள் இருக்க மாட்டார்கள். வாய் மாறினால் அச்சும் மாறும். ஐம்பத்தொரு வயதில் மறுபடியும் ஒவ்வொரு வாயாகத் திறக்கச் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலமே வாடகைக்காரர்கள் எல்லோரும் அவர் வாசல் அறையில் கூடினார்கள். மச்சானும் வந்திருந்தான்.

"ஒரே ஒரு நாள் நம்ம தெரு கேவலமா இருக்கணும். அவ்வளவுதான்" என்றார் மெக்கானிக்.

"அது நமக்குக் கஷ்டமா என்ன?" என்றார் சலூன்காரர்.

புதன்கிழமைக்கு இருந்த நான்கு நாளும் தெரு தூங்கவில்லை. வெள்ளையடிக்க வைத்திருந்த சுவரைச் சுரண்டிச் செங்கல் தெரியவைத்தார்கள். மெக்கானிக் சக்கரமில்லாத பழைய காரைத் தள்ளிக்கொண்டுவந்து நடுத்தெருவில் நிறுத்தினார். சலூன்காரர் நாற்காலியையும் கண்ணாடியையும் மரத்தடிக்கு மாற்றி, பலகையில் வேண்டுமென்றே 'சாலூண்' என்று எழுதினார். பல்செட்காரர், செய்து சரிவராமல் போன பல்வரிசைகளையெல்லாம் ஜன்னலில் அடுக்கினார். தெருவில் போகிறவர்களைப் பார்த்து இருபத்து மூன்று வாய்கள் இளித்தன. அவர் மனைவியும் பக்கத்து வீட்டு நர்ஸும் தண்ணீர் லாரி முன்னால் சண்டை போடுவது என்று முடிவாயிற்று. அதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு மதிப்பீட்டு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறுகையில் எட்டுப் பக்கப் படிவம். முதலில் சுவருக்கு முன்னால் நின்றார். பல்செட்காரர் கவலை தோய்ந்த முகத்தோடு பக்கத்தில் போய் நின்றார்.

"எவ்வளவு மோசமாயிருக்கு பாருங்க சார்."

"மோசமா? வந்துவிட்ட பகுதிகள்ல இந்தச் செங்கல் தெரியறதுக்காகவே ஆள் வச்சுக் கட்டறாங்க. தொன்மைத் தோற்றம். ஒன்பது."

"ஐயோ, தொன்மை இல்லை சார். ஞாயித்துக்கிழமைதான் சுரண்டினோம்."

"மெஷின்லயா?"

"கரண்டியாலதான்."

"கைவேலை. இன்னும் ரெண்டு."

மரத்தடி நாற்காலியைப் பார்த்து, திறந்தவெளி அழகு நிலையம், பன்னிரண்டு என்று எழுதினார். 'சாலூண்' பலகையை மட்டும் வெகுநேரம் பார்த்தார். இந்தப் பிழையை யார் வடிவமைத்தது என்று கேட்டார். சலூன்காரர் நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சக்கரமில்லாத கார், புகையில்லாப் போக்குவரத்து ஆயிற்று. கொடியில் காய்ந்த துணி, சூரிய சக்திப் பயன்பாடு. ஜன்னலுக்கு வந்ததும் அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது என்ன?"

"பல்லு சார். எதுவும் யாருக்கும் பொருந்தலை."

"யாருக்கும் பொருந்தலை..." அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். "நவீனக் கலைக் காட்சி. பதினாலு."

இதற்குள் லாரி வந்துவிட்டது. பல்செட்காரர் மனைவி குடத்தை நங்கென்று வைத்து, நர்ஸின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். நர்ஸ் எட்டாவது தலைமுறையிலிருந்து பதில் கொடுத்தாள். அதிகாரி அமைதியாகக் கேட்டுவிட்டு, அண்டை வீட்டாரிடையே நேரடித் தொடர்பு என்று முணுமுணுத்தபடி எழுதினார். நிழலில் நின்று கூட்டிப் பார்த்தார்.

"அறுபத்தெட்டு."

தெருவே மூச்சை விட்டது.

"அப்ப போச்சுங்களா சார்?" என்றார் பல்செட்காரர், சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல். "தண்ணியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அதையும் எழுதிக்குங்க."

"தண்ணி, பஸ்ஸுக்கெல்லாம் படிவத்துல இடம் இல்லையே. கடைசிப் பக்கம் ஒண்ணுதான் பாக்கி." அவர் தாளைப் புரட்டத் தொடங்கினார்.

பல்செட்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் செல்லாமல் போய்விடும் என்று நினைத்தார்.

"சார், மன்னிச்சுடுங்க. எல்லாம் நாடகம். உங்களை ஏமாத்தத்தான் செஞ்சோம். நாலு நாளா தெருவே சேர்ந்து வேலை செஞ்சோம்."

அதிகாரியின் பேனா நின்றது. "எல்லாருமா?"

"ஒருத்தர் விடாம."

"யாரும் சம்பளம் வாங்கலை?"

"யாரு சார் குடுப்பாங்க?"

அதிகாரி கடைசிப் பக்கத்தை அவரிடம் திருப்பிக் காட்டினார். 'சமூக ஒற்றுமை, தன்னார்வப் பணி: ஐந்து மதிப்பெண்' என்று அச்சிட்டிருந்தது.

"எழுபத்து மூணு. வாழ்த்துக்கள்" என்று கையெழுத்துப் போட்டார். மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா கைதட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அதிகாரி பல்செட்காரரைச் சைகை காட்டி ஓரமாக அழைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"உங்க மச்சான் வீட்டுத் தரகராமே? குறைஞ்ச வாடகையில எனக்கும் ஒரு வீடு பார்க்கச் சொல்லுங்களேன். இதே பகுதியில ரெண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கேன். எனக்கும் வாடகை ரெண்டு மடங்காயிடும். இப்படி வீடு மாறறது இது நாலாவது தடவை."

"உங்களுக்குமா? அப்புறம் ஏன் சார் கையெழுத்துப் போட்டீங்க?"

"எழுபத்து மூணு வந்துருச்சே" என்றார் அதிகாரி, பரிதாபமாக.

மூன்றே வாரத்தில் பல்செட்காரர் வீட்டுச் சாமான்கள் லாரியில் ஏறின. அன்று காலை வயதான வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து, கீழ் வரிசை லேசாக ஆடுகிறது என்றார். கருவிகளெல்லாம் மூட்டைக்குள் போய்விட்டிருந்தன. பல்செட்காரர் ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மெதுவா மென்னு சாப்பிடுங்க என்று மட்டும் சொன்னார்.

லாரியின் முன்னிருக்கையில் மச்சான் உற்சாகமாக இருந்தான். "விடுங்க மாமா. இப்பப் போறது இன்னும் அருமையான ஏரியா. இனிமேதான் வளரவே ஆரம்பிக்கப் போகுது!"

நகரத்தின் கடைசியில், தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில், ஒரு தகரக் கூரை வீட்டு முன்னால் லாரி நின்றது. எதிர்வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இறங்குகிற பீரோவையும் நாற்காலிகளையும் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"எங்கிருந்து வர்றீங்க?"

பல்செட்காரர் தெருவைச் சொன்னார்.

"அது வந்துட்ட பகுதியாச்சே!"

"ஆமாம்மா" என்றார். தன்னையறியாமல் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

அந்த அம்மாள் ஈரக் கையை உதறிவிட்டு வீட்டுக்குள் குரல் கொடுத்தாள்:

"ஏங்க, மூட்டையைக் கட்டுங்க. பெரிய இடத்து ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க."